நாடோடி மக்களின் பழைய நெசவுகள்: சேகரிக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாடோடி நெசவு என்று எதைச் சொல்கிறோம்?

மத்திய ஆசியா, ஈரான், ஆப்கானிஸ்தான், காகசஸ், துருக்கியின் அனத்தோலியா ஆகிய பகுதிகளில் ஆடு, ஒட்டகம், குதிரைகளோடு இடம்பெயர்ந்து வாழ்ந்த மக்கள் தங்கள் வீட்டுக்கென்று நெய்துகொண்டவற்றைத்தான். கோடைக்கு மலையில் ஒரு மேய்ச்சல் நிலம், குளிர்காலத்துக்குச் சமவெளியில் இன்னொன்று என்று ஆண்டு முழுவதும் நடந்துகொண்டிருந்தவர்கள் இவர்கள். துர்க்மென், காஷ்காய், ஷாசெவன், பக்தியாரி, லூர், அஃப்ஷார், பலூச், குர்து என்று பல மக்கள் இதில் அடக்கம். கம்பளி பெரும்பாலும் சொந்த மந்தையிலிருந்து வந்தது. நூற்பதும் நெய்வதும் பெண்கள் வேலை. இன்று அருங்காட்சியகச் சுவரில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் துண்டுகளில் கிட்டத்தட்ட எதிலுமே நெய்தவரின் பெயர் கிடையாது. குலத்தின் பெயர் மட்டும் இருக்கும், அதையும் பல நேரம் பிற்காலத்தில் யாரோ ஊகித்துப் போட்டிருப்பார்கள்.

பழையது என்றால் எவ்வளவு பழையது?

வணிகர்கள் பொதுவாக 100 வயதைத் தாண்டியதைப் பழம்பொருள் என்பார்கள். இந்தத் துறையில் கிடைப்பதில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்கு முந்தைய துண்டுகள் குறைவு, 17ஆம் நூற்றாண்டுக்குப் போனால் மிகவும் அரிது. கம்பளி மக்கும், பூச்சி அரிக்கும், கூடாரத்தில் தினமும் புழங்கிய பொருள் தேயும். தேய்ந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக நெய்துகொள்வதுதான் அவர்கள் வழக்கம்.

உலகின் மிகப் பழைய கம்பளம் நாடோடிகள் நெய்ததுதானா?

பசிரிக் கம்பளத்தைக் கேட்கிறீர்கள். சைபீரியாவின் அல்தாய் மலையில், உறைந்துபோன ஒரு கல்லறையிலிருந்து 1949இல் செர்கெய் ருதென்கோ அதைத் தோண்டி எடுத்தார். கிட்டத்தட்ட 2,400 ஆண்டுப் பழமை, இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான சதுரம். இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புதைக்கப்பட்டவர்கள் குதிரை வீரர்களான நாடோடிகள். நெய்தவர்களும் அவர்களா, ஏதாவது நகரப் பட்டறையிலிருந்து வந்ததா என்பதில் ஆய்வாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. நெசவின் நேர்த்தியைப் பார்த்தால், அதற்குப் பின்னால் பல தலைமுறைப் பழக்கம் இருந்திருக்க வேண்டும் என்பது மட்டும் தெளிவு.

கம்பளம் என்று தேடினால் ஏன் இத்தனை பைகள் வருகின்றன?

இந்தத் துறைக்குள் நுழைவதற்கு இதுதான் சரியான கேள்வி. கூடாரத்தில் அலமாரி கிடையாது, பீரோ கிடையாது, கதவு கிடையாது. அவை செய்ய வேண்டிய வேலையையெல்லாம் நெசவு செய்தது.

துர்க்மென் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மரச் சட்டத்தின் மேல் கம்பளிப் படலம் போர்த்திய வட்டக் கூடாரம், அதாவது யுர்ட். உள்ளே சுற்றுச் சட்டத்தில் பைகள் தொங்கும். துணிமணிக்குப் பெரிய பை சுவால், சின்னப் பை தோர்பா. வாசலில் கதவுக்குப் பதிலாகத் தொங்கிய கம்பளம் என்சி. சட்டத்தைச் சுற்றிக் கட்டுவது கூடாரப் பட்டை. ஒரு சாண் சொச்சம் அகலம், நீளமோ பத்து மீட்டருக்கு மேல். வெள்ளைப் பின்னணியில், நீளவாக்கு இழைகளில் கம்பளித் துணுக்குகளை முடிச்சுப் போட்ட வேலைப்பாடு உள்ள கூடாரப் பட்டைகளை முழு நீளத்துக்கும் விரித்துப் பார்க்க ஒரு கூடம் வேண்டும்.

கல்யாணத்துக்கென்றே நெய்தது அஸ்மாலிக். ஐந்து மூலை கொண்டது, ஜோடியாக நெய்வார்கள். மணப்பெண் ஏறிவரும் ஒட்டகத்தின் இரண்டு விலாவிலும் ஒவ்வொன்று தொங்கும். காலப்போக்கில் ஜோடி பிரிந்துவிட்டது, அதனால் சந்தையில் பெரும்பாலும் ஒற்றையாகத்தான் கிடைக்கும். இரண்டும் சேர்ந்தே ஒருவரிடம் இருந்தால் அது பெரிய விஷயம்.

ஈரான் பக்கம் வந்தால் வேறு பொருள்கள். குதிரை, கழுதை முதுகின் இருபுறமும் தொங்கும் இரட்டைப் பை கோர்ஜின். படுக்கையைச் சுருட்டி வைக்கும் பெட்டி வடிவப் பை மஃப்ராஷ். ஷாசெவன் பெண்கள் இதைச் சுமக் என்ற முறையில், பாவின் (நீளவாக்கு இழை) மேல் ஊடையை (குறுக்கு இழை) சுற்றிச் சுற்றி, எம்பிராய்டரி போலத் தோன்றும்படி நெய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது உப்புப் பை, நமக்தான். அகன்ற உடல், மேலே குறுகிய கழுத்து, பார்த்தால் புட்டி மாதிரி இருக்கும். ஆட்டுக்கும் உப்பு வேண்டும், மனிதனுக்கும் உப்பு வேண்டும். திறந்து வைத்தால் ஆடு வாயை விட்டுவிடும். கழுத்து குறுகலாக இருப்பதால் கை நுழையும், ஆட்டின் முகம் நுழையாது. கழுத்தை மடித்துப் போட்டால் மூடியும் ஆயிற்று.

பக்தியாரிப் பைகளின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். பை முழுவதும் முடிச்சு இல்லாத தட்டை நெசவாக இருக்கும். அடியிலும் மூலைகளிலும் மட்டும் தடிமனான முடிச்சு வேலை வரும். விலங்கின் உடம்பிலும் தரையிலும் உரசித் தேய்வது அந்த இடம்தான் என்று நெய்தவருக்குத் தெரியும்.

நகரத்துப் பாரசீகக் கம்பளத்திலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

இஸ்ஃபஹான், காஷான், கெர்மான் போன்ற நகரங்களில் நிமிர்ந்து நிற்கும் தறி, பருத்திப் பாவு, காகிதத்தில் கட்டம் கட்டமாக வரைந்த வடிவம், கூலிக்கு நெய்பவர்கள் என்று வேலை நடந்தது. நாடோடியின் தறி தரையில் கிடக்கும். நான்கு முளை அடித்துப் பாவை இழுத்துக் கட்டுவார்கள். கிளம்பும் நாள் வந்தால் முளையைப் பிடுங்கி, பாதி நெய்ததை அப்படியே சுருட்டி ஒட்டகத்தில் ஏற்றிவிட்டு, அடுத்த இடத்தில் மறுபடி விரிப்பார்கள். இழுவிசை முன்பு இருந்த மாதிரியே அமையாது. அதனால்தான் ஓரம் கொஞ்சம் நெளியும், ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகலாகவும் இருக்கும். வடிவம் தாயிடமிருந்து மகளுக்கு, நினைவிலிருந்து விரலுக்கு வந்தது.

ஒரே நிறம் திடீரென்று ஒரு பட்டையில் வெளிறியோ அடர்ந்தோ தெரிவதும் உண்டு. ஒரு முறை காய்ச்சிய சாயம் தீர்ந்துபோய், அடுத்த முறை காய்ச்சியதில் சாயல் மாறியிருக்கும். இதை அப்ராஷ் என்பார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் குறை என்று நினைக்கிறார்கள். நல்ல அப்ராஷ் உள்ள நீலப் பின்னணிக்காகவே ஒரு துண்டை வாங்குபவர்கள் உண்டு.

முடிச்சு இல்லாத தட்டை நெசவான கிலிமைப் பற்றியும் கேட்பார்கள். நம் பவானி ஜமக்காளத்தைப் போல ஊடையே மேற்பரப்பை மூடி நிற்பதுதான் அது. ஆனால் நூல் பெரும்பாலும் கம்பளி. வடிவத்தின் விளிம்புகளில் இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் சின்னப் பிளவு விடும்.

முடிச்சு எண்ணிக்கை கூடினால் மதிப்பும் கூடுமா?

நகரக் கம்பள வியாபாரத்தின் கணக்கு அது, இங்கே செல்லாது. துர்க்மென் வேலைகளில் மிக நுணுக்கமானவை உண்டு என்பது உண்மைதான். ஆனால் காஷ்காய், லூர் மக்களின் கப்பே விரிப்புகள் தடித்த, பெரிய முடிச்சுகளால் ஆனவை, குளிருக்காக நெய்தவை. அவற்றில் நல்லதை முடிச்சு எண்ணியா மதிப்பிடுவது? கம்பளியின் பளபளப்பு, நிறங்களின் ஆழம், வடிவத்துக்கு விட்டிருக்கும் வெளி இவற்றைப் பாருங்கள்.

எந்தக் குலத்தினுடையது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

வடிவத்தை வைத்து என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். துர்க்மென் கம்பளத்தில் வரிசை வரிசையாக வரும் எண்கோண உருவத்துக்கு குல் என்று பெயர். தெக்கே, சலோர், சரிக், யோமுத், எர்சாரி, சோதோர் என்று ஒவ்வொரு குலத்துக்கும் உரிய குல்கள் உண்டு. துர்க்மெனிஸ்தான் நாட்டுக் கொடியிலேயே ஐந்து கம்பள குல்கள் இருக்கின்றன. ஆனால் வடிவம் ஊர் விட்டு ஊர் போகும். சலோர் குலம் 19ஆம் நூற்றாண்டில் போர்களில் நலிந்த பிறகு, அவர்களுடைய குல் மற்ற குலங்களின் நெசவில் தாராளமாக வந்தது. அதனால் அனுபவசாலிகள் முதலில் துண்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள்.

பின்பக்கத்தில் என்ன தெரியும்? முடிச்சின் வகை தெரியும். இரண்டு பாவு இழைகளையும் சமமாகச் சுற்றிய முடிச்சா, ஒன்றைச் சுற்றி மற்றொன்றின் அடியில் நுழைந்த முடிச்சா, அப்படி நுழைந்தால் இடப்பக்கம் திறக்கிறதா வலப்பக்கமா என்று பார்க்கலாம். சலோர் என்றால் இடம், தெக்கே என்றால் வலம், யோமுத் என்றால் பெரும்பாலும் சமமுடிச்சு. பாவு வெள்ளைக் கம்பளியா, பழுப்பா, ஆட்டு முடி கலந்ததா? பலூச் துண்டுகளின் ஓரத்தைத் தடவினால் சொரசொரவென்று வெள்ளாட்டு முடி கைக்குத் தெரியும். வடிவத்தைப் பார்த்து நெய்துவிடலாம், விரல் பழக்கத்தை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது.

கடைகளில் ‘புகாரா’ என்று சொல்லி விற்பதைக் கேட்டிருப்பீர்கள். துர்க்மென் கம்பளங்கள் அந்த நகரச் சந்தை வழியாக வெளியே போனதால் ஒட்டிக்கொண்ட வியாபாரப் பெயர் அது, குலப் பெயர் இல்லை. இன்று அந்தப் பெயரில் விற்பதில் நிறைய பாகிஸ்தானில் நெய்தவை.

வயதை எப்படிக் கணிப்பது? நெய்த ஆண்டு போட்டிருக்காதா?

அநேகமாக இருக்காது. அதனால் சாயத்தைத்தான் கேட்க வேண்டும்.

1856இல் இங்கிலாந்தில் வில்லியம் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஃபூக்சின் என்ற கண்ணைப் பறிக்கும் ஊதாச் சிவப்பு வந்தது. 1870களின் பிற்பகுதியில் அசோ என்ற இன்னொரு செயற்கைச் சாய வகையின் சிவப்புகளும் ஆரஞ்சுகளும் வந்தன. இவையெல்லாம் சந்தை வழியாக நாடோடிகளின் கைக்கு வந்து சேரச் சில பத்தாண்டுகள் ஆயின. ஆகவே ஒரு துண்டில் செயற்கைச் சாயம் இருந்தால், அது இந்தத் தேதிக்குப் பிந்தியது என்று உறுதியாகச் சொல்லலாம். இல்லையென்றால் பழையது என்று அர்த்தமில்லை. இயற்கைச் சாயத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். துருக்கியில் 1980களின் தொடக்கத்திலிருந்து தோபாக் என்ற கிராம நெசவுத் திட்டத்தில் இயற்கைச் சாயத்தை மறுபடி கொண்டுவந்தும் விட்டார்கள்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நல்ல பகல் வெளிச்சத்தில் துண்டைப் பின்பக்கமாக மடித்து, முடிச்சு இழைகளைப் பிரித்து, அடி முதல் நுனி வரை பாருங்கள். மஞ்சிட்டிச் சிவப்பும் அவுரி நீலமும் பெரும்பாலும் அடியிலிருந்து நுனி வரை ஒரே குடும்பமாகத் தெரியும், நுனி கொஞ்சம் மென்மையாகியிருக்கும். ஃபூக்சின் என்றால் நுனி சாம்பல் நிறமாக வெளுத்து, அடியில் மட்டும் அந்த ஊதாச் சிவப்பு இன்னும் கத்திக்கொண்டிருக்கும். அசோ சிவப்பு பல நேரம் நனைந்தால் கசியும். பக்கத்திலுள்ள வெள்ளை இழைகள் இளஞ்சிவப்பாகியிருந்தால் காரணம் அதுதான். கரும்பழுப்பு இடங்களையும் பாருங்கள். இரும்பு சேர்த்துப் போட்ட சாயம் கம்பளியை மெல்ல அரித்துவிடும். அதனால் பழைய துண்டுகளில் கரும்பழுப்புக் கோடு மட்டும் பள்ளமாகி, மற்ற நிறங்கள் மேடாக நிற்கும். விரலால் தடவினாலே தெரியும்.

மஞ்சிட்டி இனச் செடியின் வேரில் இருக்கும் சிவப்புப் பொருள் அலிசரின். சோழமண்டலக் கரையில் பருத்தித் துணிக்குச் சிவப்பு கொடுத்த நம் சாயவேரிலும் இருப்பது அதேதான். 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் கிரேபெவும் லீபர்மனும் அலிசரினை ஆய்வகத்திலேயே உண்டாக்கிவிட்டார்கள். சில ஆண்டுகளில் வேர் பயிரிட்டவர்களின் வாழ்வு சரிந்தது. நீலத்துக்கும் அதே கதி 1897இல் வந்தது, செயற்கை அவுரி அப்போதுதான் விற்பனைக்கு வந்தது.

கார்பன் சோதனை செய்தால் வயது துல்லியமாகத் தெரிந்துவிடாதா?

மிகப் பழைய துண்டுகளுக்கு உதவும். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தியது என்றால் விடை ஒரே காலமாக வராது, பல காலகட்டங்களைச் சேர்த்தே காட்டும். நாம் வாங்கக்கூடிய 19ஆம் நூற்றாண்டுப் பைக்கு அது வீண் செலவு.

1880க்கு முன், 1880க்குப் பின் என்று ஏன் பிரித்துப் பேசுகிறார்கள்?

துர்க்மென் மக்களுக்கு அந்தப் பத்தாண்டு ஒரு உடைவு. 1881 ஜனவரியில் கியோக் தெப்பே கோட்டையில் ஜெனரல் ஸ்கோபெலெவின் ரஷ்யப் படை தெக்கே துர்க்மெனியரைத் தோற்கடித்தது. ஆயிரக்கணக்கானவர்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டார்கள். 1884இல் துர்க்மெனியரின் மெர்வ் பாலைவனச் சோலையும் ரஷ்யர்வசமானது. 1888இல் ரயில் சமர்கண்ட் வரை போய்விட்டது. ரயிலோடு வியாபாரி வந்தார், சாயப் பொடி வந்தது, ‘இந்த அளவில் இத்தனை வேண்டும்’ என்ற ஆர்டரும் வந்தது. பாழாகிப்போன குடும்பங்கள் சீதனத்துக்கு நெய்து வைத்ததையே விற்றன. இன்று நாம் ரசிக்கும் பல துண்டுகள் வெளியே வந்தது இப்படிப்பட்ட காலங்களில்தான். சேகரிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஈரானில் இதே வேலையை மன்னர் ரெசா ஷாவின் ஆட்சி செய்தது. 1920, 30களில் காஷ்காய், லூர், ஷாசெவன் மக்களைப் படைபலத்தால் ஒரே இடத்தில் குடியமர்த்தினார்கள். இடம்பெயர்வு நின்றால் மந்தை சாகும், மந்தை செத்தால் கம்பளி எங்கே? 1941இல் அவர் பதவி இழந்ததும் பலர் மறுபடி மேய்ச்சல் பாதைக்குத் திரும்பினார்கள், ஆனால் பழைய நிலை முழுதாகத் திரும்பவில்லை.

சேகரிப்பவர்களை இதில் இழுப்பது எது?

ஆளுக்கு ஆள் வேறுபடும். வடிவத்தின் எளிமைக்காக வருபவர்கள் உண்டு. நவீன ஓவியத்தைப் பழகிய கண்ணுக்கு ஒரு பழைய பலூச் பையின் கறுநீலமும் அடர்சிவப்பும் உடனே பிடித்துவிடும். வகைப்படுத்திப் பார்க்கும் ஆசைக்கு இங்கே தீனி அதிகம். அளவில் சின்னது, சுவரில் மாட்டலாம் என்பதும் ஒரு காரணம். மேற்கில் 1960, 70களில் இந்த ஆர்வம் பெரிதாக எழுந்தது, லண்டனில் 1978இல் ஹாலி என்ற இதழே இதற்காகத் தொடங்கியது.

என் கணிப்பில் அடிப்படைக் காரணம் ஒன்றுதான்: விற்பதற்காக நெய்யாதது. தன் மகள் கொண்டுபோகப் போகிற பை, தன் வீட்டு வாசலில் தொங்கப் போகிற என்சி. நெய்தவரே அதைத் தினமும் பார்க்கப் போகிறார், அண்டைக் கூடாரத்துப் பெண்களும் பார்த்து எடைபோடப் போகிறார்கள். வாங்குபவரைத் திருப்திப்படுத்தும் அவசரம் அதில் இல்லை. பின்னால் சந்தைக்கு நெய்த துண்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே குல்தான். ஆனால் சந்தைத் துண்டில் குல்கள் தட்டையாகி நெருங்கி நிற்கும், ஓரப் பட்டைகள் கூடிக்கொண்டே போகும், நடுவில் மூச்சுவிட இடம் இருக்காது.

கிழிசல், தேய்மானம் இருந்தால் வாங்கலாமா?

தாராளமாக. மூலையில்லாத துண்டு, பின்பக்கத் துணி போய் முகப்பு மட்டும் மிஞ்சிய பை, முடிச்சு தேய்ந்து பாவு தெரியும் இடம் எல்லாம் இங்கே சகஜம். நல்ல நிறமுள்ள பாதித் துண்டு, மோசமான நிறமுள்ள முழுத் துண்டைவிட மேல். பழுதுபார்த்ததுதான் கவலை: தேய்ந்த இடத்துக்கு மை தீட்டியிருப்பார்கள். ஈரமான வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்தால் தெரிந்துவிடும்.

போலிகள் உண்டா?

உண்டு. புதுத் துண்டை ரசாயனத்தில் அலசி, வெயிலில் காயப்போட்டு, தேயிலைச் சாறில் நனைத்து வயதாக்குவார்கள். ரசாயனம் பட்ட கம்பளி உயிரில்லாமல் வறண்டு கிடக்கும். பழைய கம்பளியில் ஒரு மினுமினுப்பு இருக்கும். தேய்மானம் எங்கே இருக்கிறது என்றும் யோசியுங்கள். பை என்றால் அடியும் வாயும் தேய வேண்டும். முகப்பு முழுக்க ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் சவரக் கத்தியோ கல்லோ பட்டிருக்கிறது.

விலை எப்படி?

ஒரு பலூச் பை முகப்புக்கும் ஒரு நல்ல சலோர் சுவாலுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய துர்க்மென் வேலைகள், நல்ல ஷாசெவன் சுமக் பைகள் எல்லாம் ஏலத்தில் உயரும். சாதாரண பலூச், குர்து பைகள் நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டும். முதலீடாக நினைத்து இறங்காதீர்கள். ரசனை மாறினால் விலையும் மாறும், அரசியலும் குறுக்கே வரும். ஈரான் கம்பளங்களுக்கு அமெரிக்கா 1987இல் தடை போட்டது, 2000இல் தளர்த்தியது, 2010இல் மறுபடி போட்டது, 2016இல் நீக்கியது, 2018இல் திரும்பவும் கொண்டுவந்தது.

சட்டச் சிக்கல் ஏதாவது?

இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 வயது தாண்டிய கைவினைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டிலிருந்து வாங்கினாலும் ரசீது, வயதுக்கான எழுத்துச் சான்று, சுங்கத் தாள் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். துருக்கி, துர்க்மெனிஸ்தான் போன்ற நாடுகளிலும் பழைய கம்பளத்தை வெளியே கொண்டுவரக் கட்டுப்பாடு உண்டு. சுற்றுலா போன இடத்தில் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கடைக்காரர் சொல்வதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

நம் ஊர் ஈரத்தில் இதை எப்படிக் காப்பாற்றுவது?

பெரிய எதிரி அந்துப்பூச்சி. பூச்சியைவிட அதன் புழுதான் கம்பளியைத் தின்னும். இருட்டும் அசையாமையும் அதற்குப் பிடிக்கும். ஆகவே பீரோவுக்குள் மடித்துப் பூட்டி வைப்பதுதான் மிக மோசமான வழி. மாதம் ஒருமுறை எடுத்து உதறுங்கள், இரண்டு பக்கமும் பாருங்கள். மணல் மாதிரித் துகளோ, சின்னச் சின்னக் கூடோ தெரிந்தால், துண்டை பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, டீப் ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியிலோ அதற்கும் கீழோ இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லையென்றால் ஈரம் கோத்துக்கொள்ளும். அந்துருண்டை போட்டே ஆக வேண்டும் என்றால் நெசவில் படாமல் வையுங்கள்.

வைக்கும்போது மடிக்காமல் ஒரு குழாயில் சுருட்டி, அலசிக் காயவைத்த காடாத் துணியில் சுற்றுங்கள். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே பூஞ்சை வரும். சுவரில் மாட்டுவதென்றால் ஆணி அடிக்காதீர்கள். பருத்தி நாடாவைப் பின்பக்கம் கையால் தைத்து, அதில் வெல்க்ரோ வைத்து மாட்டினால் எடை சமமாகப் பரவும். நேர் வெயில் படும் சுவர் கூடாது. டிரை கிளீனிங் கடைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

முதல் துண்டாக எதை வாங்கலாம்?

பலூச் பை முகப்பு ஒன்று, அல்லது சின்ன உப்புப் பை. விலை தாங்கும், கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் படிக்கலாம். படத்தைப் பார்த்து மட்டும் வாங்குவதாக இருந்தால், பின்பக்கத்தின் நெருக்கப் படம், முடிச்சைப் பிரித்துக் காட்டும் படம், பகல் வெளிச்சத்தில் எடுத்த முழுப் படம் மூன்றையும் கேளுங்கள். பின்பக்கப் படம் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். அப்புறம், வாங்குவதற்கு முன் பார்த்துப் பழகுவது முக்கியம். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், வாஷிங்டன் டெக்ஸ்டைல் மியூசியம், சான் பிரான்சிஸ்கோ டி யங் போன்ற அருங்காட்சியகங்களின் சேகரிப்புகளை இணையத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒரே குலத்தின் ஒரே வகைப் பையை, சுவாலோ தோர்பாவோ, வரிசையாக நிறையப் பார்த்துக்கொண்டே வாருங்கள். எது விற்பதற்கு நெய்தது, எது வீட்டுக்கு நெய்தது என்று கண் பிரிக்கத் தொடங்கிய பிறகு பணத்தை எடுங்கள்.